கிராமை ஸ்பூனாக மாற்றும்போது எங்கே தப்புகிறது?

ஒரு டேபிள்ஸ்பூன் என்றால் 15 கிராம் என்று எல்லாப் பொருளுக்கும் ஒரே கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. 15 என்பது மில்லிலிட்டர். தண்ணீருக்கு அது 15 கிராம்; பாலுக்கும் ஏறக்குறைய அதுவே. மற்றவற்றுக்குப் பொருந்தாது. தலைதட்டி அளந்தால் மைதா சுமார் 8 கிராம், சர்க்கரை 12, உருகிய நெய் 13 முதல் 14, தூள் உப்பு 18, தேன் 21. முப்பது கிராம் மைதா என்ற இடத்தில் இரண்டு ஸ்பூன் போட்டால் பாதிதான் விழும்.

அதிகம் கெடுப்பது உப்புதான். மாங்காய் ஊறுகாய்க்கு 100 கிராம் தூள் உப்பு என்றால் ஐந்தரை டேபிள்ஸ்பூன் போதும். பதினைந்தால் வகுத்துவிட்டு ஏழு ஸ்பூன் போட்டால் 126 கிராம் ஆகிவிடும், வாயில் வைக்க முடியாது. கல் உப்பில் இதற்கு நேர்மாறு. கற்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் அதே ஸ்பூனில் எடை குறைவாகத்தான் பிடிக்கும். ஐந்தரை ஸ்பூன் கல் உப்போடு நிறுத்தினால் உப்புக் குறைந்து ஊறுகாயில் பூசணம் பிடிக்கும். கல்லின் அளவு கடைக்குக் கடை மாறுவதால் இதற்கு நிலையான ஸ்பூன் கணக்குக் கிடையாது. நிறுத்துப் போடுங்கள்; தராசு இல்லையென்றால் வறுத்து, மிக்ஸியில் பொடித்து, அப்புறம் அளங்கள்.

அடுத்தது, எந்த ஸ்பூன்? அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் குட்டி ஸ்பூனும் சாப்பாட்டு ஸ்பூனும் அளவு ஸ்பூன்கள் அல்ல. மருந்துக் கடையில் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் வாங்கி, தண்ணீரை உறிஞ்சி ஸ்பூனில் விட்டுப் பாருங்கள். ஒரு தடவையில் விளிம்பு தட்டினால் டீஸ்பூன், மூன்று தடவை பிடித்தால் டேபிள்ஸ்பூன். இரண்டு தடவையிலேயே நிரம்பினால் அது 10 மில்லி. அந்த ஸ்பூனில் மூன்று போட்டால்தான் இரண்டு டேபிள்ஸ்பூன். ஆஸ்திரேலியச் செய்முறைகளில் டேபிள்ஸ்பூனே 20 மில்லி, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபுரமாக அள்ளினால் மாவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். டப்பாவுக்குள் ஸ்பூனை அழுத்தி அள்ளாமல், மாவைக் கிளறிவிட்டு லேசாக எடுத்து, கத்தியின் முதுகால் வழித்துவிடுங்கள். ரசத்தில் மஞ்சள்தூள் கொஞ்சம் கூடினால் சமாளிக்கலாம், கேக்கில் சமையல் சோடா கூடினால் முடியாது. நாங்கள் இருக்கும் பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் கேக் வேகமாக உப்பும். சோடாவும் கூடிவிட்டால் உப்பிய கேக் நடுவில் அமுங்கிவிடும். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சோடா சுமார் 5 கிராம்.

மார்கழிக் காலையில் இங்கே நெய் கட்டியாக உறைந்திருக்கும். அதைத் தோண்டி எடுத்தால் ஸ்பூனின் அடியில் பொந்து, மேலே குவியல். மைசூர் பாகுக்கு உருக்கிய பிறகே அளக்க வேண்டும்.

வீட்டுத் தராசு பெரும்பாலும் 1 கிராம் வரைதான் காட்டும். மூன்று கிராம் மிளகாய்த்தூளை அதில் வைத்தால் 2 என்றும் காட்டலாம், 4 என்றும் காட்டலாம். பத்து டீஸ்பூன் நிறுத்துப் பத்தால் வகுத்து, வரும் எண்ணை டப்பா மூடியில் எழுதி ஒட்டுங்கள். குண்டூர் மிளகாய்த்தூளிலிருந்து பேடகிக்கு மாறும்போது எடை ஒத்துப்போனாலும் காரம் குறையும், நிறம் கூடும். அதை மட்டும் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும்.