பிரின்டர் ‘ஆஃப்லைன்’ என்று அடம்பிடித்தால்

நெட்வொர்க் பிரின்டர் ஆன்-ல்தான் இருக்கும், பிங் (கருவி நெட்வொர்க்கில் எட்டுகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்தால் பதிலும் வரும். ஆனால் விண்டோஸ் மட்டும் ‘ஆஃப்லைன்’ என்றே காட்டும். கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பதற்கு முன் எஸ்.என்.எம்.பி. (நெட்வொர்க் கருவிகளின் நிலையை விசாரிக்கும் நெறிமுறை) செட்டிங்கைப் பாருங்கள்.

விண்டோஸ் இந்த நெறிமுறை வழியாக, யு.டி.பி. 161-ஆம் போர்ட்டில், பிரின்டரின் நிலையை விசாரிக்கிறது. பதில் வராவிட்டால் பிரின்டரே இல்லை என்று முடிவுகட்டிவிடும். பிரின்டர் ப்ராப்பர்ட்டீஸில் (வெறும் ப்ராப்பர்ட்டீஸ் அல்ல, பலர் தவறுவது இங்கேதான்) போர்ட்ஸ், அதில் கான்ஃபிகர் போர்ட் போங்கள். கீழே ‘எஸ்.என்.எம்.பி. ஸ்டேட்டஸ் எனேபிள்ட்’ என்றொரு டிக் இருக்கும், அருகில் கம்யூனிட்டி நேம் (கடவுச்சொல் மாதிரி பயன்படும் பெயர்) ‘பப்ளிக்’ என்று இருக்கும். பிரின்டரில் யாராவது அந்தப் பெயரை மாற்றியிருந்தால் இங்கேயும் அதையே எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்துகூட முக்கியம். அப்படியும் சரியாகவில்லையா? டிக்கை எடுத்துவிடுங்கள், அச்சு தடைபடாது. மை அளவு போன்ற விவரங்கள் மட்டும் வராமல் போகலாம்.

பிரச்சினை தீர்ந்ததும் பிரின்டரின் ஐ.பி. முகவரியை பிரவுசரில் போட்டு, அதன் செட்டிங் பக்கத்தையும் திறந்துவிடுங்கள். ‘பப்ளிக்’, ‘பிரைவேட்’ என்ற ஆரம்பப் பெயர்களை அப்படியே விட்டுவைப்பது பூட்டிலேயே சாவியைத் தொங்கவிடுவது மாதிரி. எஸ்.என்.எம்.பி.யின் முதல் பதிப்பும் 2சி பதிப்பும் அந்தப் பெயரை மறைக்குறியாக்கம் இல்லாமல் அப்படியே அனுப்புகின்றன. மூன்றாம் பதிப்பு இருந்தால் அதையே வையுங்கள், அப்போது விண்டோஸில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். ‘ரைட்’ அனுமதி (நெட்வொர்க் வழியாக செட்டிங்கை மாற்றும் அனுமதி) தேவையில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள்.