பார்ட்டிஷன் மாறும் பதிவு: எந்த டிரிகர் ஓடும், எந்த டிரிகர் ஓடாது?

பெங்களூரு அல்சூரில் நம்மூர் அண்ணாச்சி ஒருவர் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறார். தினமும் வீட்டுக்கு வீடு பாக்கெட் போடும் சந்தாக் கணக்கை அவருக்காகப் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் செய்து கொடுத்தேன். சந்தா டேபிளைப் பகுதிவாரியாகப் பார்ட்டிஷன்களாக, அதாவது தனித்தனித் துண்டுகளாகப் பிரித்திருந்தேன். ஒரு நாள் காலையில் கடைக்குப் போன் வந்தது. "ஆறு வருஷமா உங்க மாவுதான் வாங்குறேன். இப்பப் போய் 'எங்கள் கடைக்கு நல்வரவு'ன்னு மெசேஜ் வருதே, என்ன அண்ணாச்சி?"

பேசிய அக்கா அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு வீடு மாறியிருந்தார். கடைப் பையன் அவருடைய பதிவில் பகுதியை மட்டும் மாற்றியிருக்கிறான். ஒரே ஒரு அப்டேட். அதற்குப் புதுச் சந்தாதாரரை வரவேற்கும் டிரிகர் (பதிவு சேரும்போதோ மாறும்போதோ அழியும்போதோ தானாக ஓடும் நிரல்) ஓடிவிட்டது. முகவரி மாற்றத்தைக் குறித்து வைக்க வேண்டிய டிரிகரோ ஓடவே இல்லை.

இது ஏன் என்று உங்கள் கணினியிலேயே செய்து பார்த்துவிடலாம். போஸ்ட்கிரெஸ் 13 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். கட்டளைகளை ஒட்டித் தராமல் என்ன எழுத வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். நீங்களே தட்டினால்தான் கை பழகும்.

படி 1: டேபிள்

'சந்தா' என்று ஒரு டேபிள். ஃபீல்டுகள் நான்கு: எண், பெயர், பகுதி, பாக்கெட். டேபிளின் முடிவில் 'பார்ட்டிஷன் பை லிஸ்ட்' என்று எழுதி, பகுதியைக் கொடுங்கள். பிரைமரி கீயில் (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் சாவி) எண் மட்டும் இருந்தால் போஸ்ட்கிரெஸ் ஏற்காது, பகுதியும் சேர வேண்டும். அப்புறம் 'சந்தா_அல்சூர்', 'சந்தா_ஒயிட்ஃபீல்டு' என்று இரண்டு பார்ட்டிஷன்கள். ஆளுக்கு ஒரு பகுதி.

பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், யூடிஎஃப்-8 டேட்டாபேஸில் தடையில்லாமல் ஓடும். ஒரு பெயர் 63 பைட்டைத் தாண்டக்கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தமிழில் ஓர் எழுத்துக்கு மூன்று பைட், கொம்பும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. அதனால் 21 குறிகளுக்குள் பெயரை முடித்துவிட வேண்டும்.

சந்தாவில் ஒரு பதிவைப் போடுங்கள்: எண் 1, பகுதி அல்சூர், பாக்கெட் 1.

படி 2: உளவு பார்க்கும் ஃபங்ஷன்

போஸ்ட்கிரெஸின் நிரல் மொழியான பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல்லில், டிரிகரைத் திருப்பித் தரும் ஒரு சிறிய ஃபங்ஷன் எழுதுங்கள். உள்ளே திரையில் செய்தி காட்டும் ஒரு ரெய்ஸ் நோட்டீஸ் போதும். டிஜி_வென், டிஜி_லெவல், டிஜி_ஆப், டிஜி_டேபிள்_நேம் ஆகிய நான்கையும் அது அச்சிட வேண்டும். எப்போது, எந்த மட்டத்தில், என்ன வேலைக்காக, எந்த டேபிளில் டிரிகர் ஓடியது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கடைசி வரியில் கவனம் தேவை. வேலை டெலிட் என்றால் 'ஓல்ட்' (பழைய பதிவு) திரும்ப வேண்டும், மற்றதற்கு 'நியூ' (புதிய பதிவு). எல்லாவற்றுக்கும் 'நியூ' என்று எழுதிவிட்டால், டெலிட்டின்போது அது 'நல்' (NULL, அதாவது வெற்று மதிப்பு) ஆக இருக்கும். பிஃபோர் டிரிகர் நல்லைத் திருப்பினால் அந்த டெலிட்டே நடக்காது. புதிதாக எழுதுகிறவர்கள் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது.

படி 3: டிரிகர்கள்

அந்த ஃபங்ஷனைத் தாய் டேபிளான 'சந்தா'வில் நான்கு விதமாக மாட்டுங்கள்: ஒவ்வொரு ரோவுக்கும் (பதிவுக்கும்) ஒரு பிஃபோர், ஒரு ஆஃப்டர், ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டுக்கும் (முழுக் கட்டளைக்கும்) ஒரு பிஃபோர், ஒரு ஆஃப்டர். பிஃபோர் வேலைக்கு முன் ஓடும், ஆஃப்டர் வேலை முடிந்த பின். நான்கிலும் இன்சர்ட், அப்டேட், டெலிட் மூன்றையும் குறிப்பிடுங்கள். ரோ டிரிகர்களைத் தாயில் மாட்டினாலே பிள்ளைப் பார்ட்டிஷன்களுக்கும் வந்துவிடும்.

படி 4: அப்டேட்

முதலில் பாக்கெட்டை 2 ஆக்குங்கள். ஸ்டேட்மென்ட்டுக்கு இரண்டு, ரோவுக்கு இரண்டு என நான்கு நோட்டீஸ் வரும். நான்குமே அப்டேட்தான். சரி, இப்போது பகுதியை ஒயிட்ஃபீல்டு ஆக்குங்கள். திரையில் வருவது இது:

பிஃபோர் ஸ்டேட்மென்ட் அப்டேட் சந்தா
பிஃபோர் ரோ அப்டேட் சந்தா_அல்சூர்
பிஃபோர் ரோ டெலிட் சந்தா_அல்சூர்
பிஃபோர் ரோ இன்சர்ட் சந்தா_ஒயிட்ஃபீல்டு
ஆஃப்டர் ரோ டெலிட் சந்தா_அல்சூர்
ஆஃப்டர் ரோ இன்சர்ட் சந்தா_ஒயிட்ஃபீல்டு
ஆஃப்டர் ஸ்டேட்மென்ட் அப்டேட் சந்தா

ஒவ்வொரு வரியையும் நிதானமாகப் படியுங்கள். பதிவு ஒரு பார்ட்டிஷனிலிருந்து இன்னொன்றுக்குப் போவதும் வீடு மாறுவதும் ஒன்றுதான். பழைய வீட்டைக் காலி செய்துவிட்டுப் புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும். போஸ்ட்கிரெஸும் அங்கே டெலிட் செய்து இங்கே இன்சர்ட் செய்கிறது. இந்த வசதி 2018இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்துதான் உண்டு. 10ஆம் பதிப்பில் இப்படி ஓர் அப்டேட் எழுதினால் எரர்தான் வரும்.

பட்டியலில் இல்லாத ஒன்றைக் கவனித்தீர்களா? ஆஃப்டர் ரோ அப்டேட் எங்கேயும் இல்லை. நான் அண்ணாச்சி கடையின் முகவரி வரலாற்றை எழுத வைத்திருந்தது அந்த டிரிகரைத்தான். வரவேற்பு மெசேஜை ஆஃப்டர் ரோ இன்சர்ட்டில் வைத்திருந்தேன், அது தவறாமல் ஓடியிருக்கிறது. ஸ்டேட்மென்ட் மட்டத்திலோ டெலிட்டும் இல்லை, இன்சர்ட்டும் இல்லை. நீங்கள் எழுதியது அப்டேட், அதனால் அங்கே அப்டேட் மட்டும்தான்.

இதைவிட ஆபத்தான ஒன்றும் இதில் இருக்கிறது. புதுப் பார்ட்டிஷனின் பிஃபோர் இன்சர்ட் டிரிகர் ஏதோ ஒரு நிபந்தனையில் நல்லைத் திருப்பினால், அங்கே இன்சர்ட் நடக்காது. ஆனால் பழைய இடத்தில் டெலிட் முடிந்திருக்கும். பதிவு இரண்டு இடத்திலும் இருக்காது, எரரும் வராது. பார்ட்டிஷன் போட்ட டேபிளில், வேண்டாத பதிவைத் தடுக்க நல்லைத் திருப்பாதீர்கள். எரரைக் கிளப்பும் ரெய்ஸ் எக்செப்ஷன் போடுங்கள், மொத்த அப்டேட்டும் ரத்தாகும்.

படி 5: சரிசெய்வது

வரலாறு எழுதும் வேலையை ஸ்டேட்மென்ட் மட்ட ஆஃப்டர் அப்டேட் டிரிகருக்கு மாற்றுங்கள். அதில் 'ரெஃபரென்சிங்' என்று எழுதி, மாற்றத்துக்கு முந்தைய பதிவுகள் இருக்கும் ஓல்ட் டேபிளுக்குப் 'பழைய', பிந்தையவை இருக்கும் நியூ டேபிளுக்குப் 'புதிய' என்று பெயர் கொடுங்கள். பார்ட்டிஷன் மாறிய பதிவுகளும் இந்த இரண்டிலும் வந்துவிடும். எண்ணை வைத்து இரண்டையும் இணைத்து, பகுதி வேறுபடும் பதிவுகளை மட்டும் வரலாறு டேபிளில் சேர்த்தால் வேலை முடிந்தது. ரெஃபரென்சிங் உள்ள டிரிகருக்கு ஒரு நிகழ்வுதான் தரலாம், 'அப்டேட் ஆஃப்' என்று ஃபீல்டு பட்டியலும் தர முடியாது. ஆகவே இதற்குத் தனி ஃபங்ஷன், தனி டிரிகர்.

வரவேற்பு மெசேஜுக்கும் இதே வழிதான். ஸ்டேட்மென்ட் மட்ட ஆஃப்டர் இன்சர்ட் டிரிகர், நியூ டேபிளோடு. வீடு மாறும்போது அது ஓடாது, உண்மையிலேயே புதுச் சந்தா சேரும்போதுதான் ஓடும். ஆனால் இன்சர்ட், அப்டேட் எல்லாம் 'சந்தா' என்ற தாயின் பெயரிலேயே எழுதப்பட வேண்டும். நேரடியாகச் சந்தா_அல்சூரில் இன்சர்ட் செய்தால் தாயின் ஸ்டேட்மென்ட் டிரிகர் ஓடாது. நேரடியாக அங்கே பகுதியை மாற்றினால் பதிவு இடம் மாறாது, பார்ட்டிஷன் கட்டுப்பாட்டை மீறியதாக எரர் வரும்.

கட்டணம் போன்ற வேறொரு டேபிள், ஆன் டெலிட் கேஸ்கேடுடன் (சந்தா அழிந்தால் அதைச் சார்ந்த பதிவும் அழியும்) சந்தாவை ஃபாரின் கீயாகச் (வேறு டேபிளின் பதிவைக் காட்டும் சாவி) சுட்டினால் உங்கள் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 12 முதல் 14 வரை, பதிவு இடம் மாறும்போது உள்ளே நடக்கும் டெலிட், கட்டணப் பதிவுகளையும் அழித்துவிடும். 15இலிருந்து ஃபாரின் கீ இதை அப்டேட்டாகவே எடுத்துக்கொள்கிறது, ஆன் அப்டேட்டில் நீங்கள் சொன்னபடி நடக்கும். பழைய பதிப்பில் இருப்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே மேம்படுத்தலாம் என்பேன்.

இன்னொன்று. ஒரு பதிவு இடம் மாறும் அதே நேரத்தில் வேறொருவர் அதை அப்டேட் செய்ய முயன்றால், பதிவு வேறு பார்ட்டிஷனுக்குப் போய்விட்டது என்று அவருக்கு 40001 எரர் வரலாம். அந்த எண்ணைப் பிடித்து, டிரான்சாக்‌ஷனை முதலிலிருந்து மறுபடி ஓட்டும்படி உங்கள் செயலியில் எழுதிவிடுங்கள். அண்ணாச்சி கடையில் மூன்று தடவை வரை ஓட்டிப் பார்க்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.