கண்மாய்க் கரையின் உள்சரிவைக் காக்க வெட்டிவேர்

வண்டியூர், மாடக்குளம் போன்ற மதுரைப் பகுதிக் கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிக் கோடையில் வற்றுவதால், நீர்மட்டம் ஏறியிறங்கும் உள்சரிவிலேயே, அதாவது காற்றில் எழும் அலைகள் ஓயாமல் மோதும் பட்டையிலேயே, அரிப்பு முதலில் தொடங்குகிறது. கரையின் உச்சியில் மட்டும் மண் கொட்டுவது வீண்செலவு என்பதே என் கருத்து.

உரிய அனுமதியுடன், மழை தொடங்கும் முன் அந்தப் பட்டையில் வெட்டிவேர் நாற்றுகளை, சரிவுக்குக் குறுக்காக, சம மட்டத்தில், சுமார் 15 செ.மீ. இடைவெளியில், 1 மீட்டருக்கு ஒரு வரிசையாக நட்டு, வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்றி ஆடுமாடு மேயாமல் காக்க வேண்டும். நன்கு வேரூன்றிய வெட்டிவேர் 2 முதல் 3 மீட்டர் ஆழம் இறங்கி மண்ணைப் பிடிப்பதோடு, சில வாரங்கள் நீரில் மூழ்கினாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் இன்னும் நன்கு வேரூன்றாத இளநாற்று அப்படித் தாங்காது.

சீமைக் கருவேலத்தைக் கரையிலிருந்து வேரோடு பிடுங்கினால், அந்தக் குழியை அன்றே களிமண்ணால் அடுக்கடுக்காக நிரப்பித் திமிசுக்கட்டையால் இறுக்க வேண்டும். மடையைத் திறந்து நீரைச் சட்டென வடிப்பதும் ஆபத்தானது. ஊறிய கரை, எதிரே தாங்கி நின்ற நீர் விலகியதும், சரிந்துவிடக்கூடும்.