திருத்துவதை நிறுத்தினேன், அவர் பேசத் தொடங்கினார்

சீனாவிலிருந்து படிக்க வந்த மாணவி ஒருவரோடு வாரம் 2 முறை ஆங்கிலத்தில் பேசிப் பழக ஒப்புக்கொண்டேன். மூன்றாவது வாரமே சிக்கல். எதைக் கேட்டாலும் 'யெஸ்', 'நோ', அப்புறம் ஒரு சிரிப்பு.

தப்பு என்மேல்தான். அவர் 'ஹீ', 'ஷீ' இரண்டையும் மாற்றிச் சொல்லும்போதெல்லாம் குறுக்கே புகுந்து திருத்திக்கொண்டிருந்தேன். மாண்டரின் என்னும் சீன மொழிப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே ஒலி, 'தா'; எழுத்தில்தான் வேறுபாடு. அது தெரிந்ததும் வெட்கமாகப் போயிற்று. (நாம் 'காஃபி'யைக் 'காப்பி' ஆக்கியவர்கள்தானே!)

சரி என்று முறையை மாற்றினேன். அவர் பேசும்போது குறுக்கிடுவதில்லை. தவறுகளை நோட்டில் குறித்து, கடைசி 10 நிமிடத்தில் இரண்டு மூன்றை மட்டும் எடுப்பேன். 'வார இறுதி நன்றாக இருந்ததா?' என்று கேட்பதையும் விட்டேன். அதற்கு 'யெஸ்'தான் வரும். 'என்ன செய்தீர்கள், சொல்லுங்கள்' என்றால் கதை வரும்.

அதே கதையை முதலில் 4 நிமிடம், பிறகு 3, பிறகு 2 நிமிடத்தில் சொல்லச் சொன்னேன். பெரிதும் உதவியது இதுதான். மூன்றாம் முறை சொல்லைத் தேடித் தடுமாறுவது வெகுவாகக் குறைந்திருக்கும்.

'ஹீ', 'ஷீ' இன்னும் சில நேரம் மாறுகிறது. இப்போது அவரே நிறுத்தி, சிரித்துத் திருத்திக்கொள்கிறார்.