பேனல் மீட்டர் ரீடிங்கை போனில் பார்க்க: மாட்பஸில் சிக்காமல் போகும் வழி

பேனல் கதவில் இருக்கும் டிஜிட்டல் எனர்ஜி மீட்டரின் பின்பக்கம் ஆர்எஸ்-485 (இரண்டு வயரில் தகவல் அனுப்பும் இணைப்பு) என்று எழுதிய டெர்மினல் இருந்தால், மாட்பஸ் என்ற தகவல் மொழியில் கேட்டு, அதில் ஓடும் வோல்ட்டேஜ், கரண்ட், பவர் ஃபேக்டர், யூனிட் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு இழுத்துவிடலாம். பல பட்டறைகளில் அந்த டெர்மினல் மீட்டர் வாங்கின நாளிலிருந்து காலியாகத்தான் கிடக்கிறது, மாதக் கடைசியில் ஒருவர் நோட்டோடு போய் எழுதிக்கொண்டு வருவார். எங்கள் பட்டறையிலும் அதே கதைதான். இப்போது ஒரு ராஸ்பெர்ரி பை (கையளவு கம்ப்யூட்டர், இனி ‘பை’ என்றால் இதுதான்), ஒரு யூஎஸ்பி-485 கன்வெர்ட்டர், காசில்லாத மென்பொருள் மூன்று, அவ்வளவுதான். பையில் லினக்ஸ் ஏற்றி நெட்வொர்க்கில் சேர்க்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. வயர்

பேனலுக்குள் 415 வோல்ட் இருக்கிறது, எலக்ட்ரீஷியனைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். மீட்டருக்கு வரும் சிடி (கரண்டை அளக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்) வயரை, லோடு ஓடும்போது எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். சிடியின் செகண்டரி திறந்துகொண்டால் அதில் ஆளைக் கொல்லும் வோல்ட்டேஜ் ஏறும். நமக்கு வேண்டியது ஏ, பி என்ற இரண்டு டெர்மினல் மட்டும்தான்.

அந்த ஏ-வும் பி-யும் கம்பெனிக்குக் கம்பெனி தலைகீழாக இருக்கும். பதில் வரவில்லையென்றால் முதலில் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், மாறினதால் ஒன்றும் எரியாது. முறுக்கிய ஜோடி வயர், அதுவும் ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும். பல மீட்டர் இருந்தால் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு என்று வரிசையாக இழுங்கள், ஒரே இடத்திலிருந்து நாலா பக்கமும் பிரிக்காதீர்கள். கடைசி முனையில் 120 ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். நீளமான லைனுக்கு அது சரி, 9600 வேகத்தில் (வினாடிக்கு 9600 பிட்) பத்துப் பதினைந்து மீட்டர் தூரத்துக்கு நான் போடுவதில்லை.

கன்வெர்ட்டர் வாங்கும்போது ஐசொலேஷன் (இரண்டு பக்கத்துக்கும் நேரடி மின் தொடர்பு இல்லாமல் பிரிப்பது) உள்ளதாகப் பாருங்கள். விலை கூடத்தான். ஆனால் பக்கத்தில் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) ஓடும் இடத்தில் விலை குறைந்ததை மாட்டினால் பை அடிக்கடி ஹேங் ஆகும், காரணமும் தெரியாது.

2. முதலில் ஒரே ஒரு எண்

நேராக நோட்-ரெட்டுக்கு (நோடு என்ற கட்டங்களைக் கோடு போட்டு இணைத்தே புரோகிராம் செய்யும் மென்பொருள்) போய்விடாதீர்கள். எம்பிபோல் (mbpoll) என்ற சின்ன கமாண்ட்-லைன் கருவியில் ஒரு வோல்ட்டேஜை மட்டும் படித்துக் காட்டுங்கள். விண்டோஸ்காரர்களுக்கு க்யூமாட்மாஸ்டர் இருக்கிறது. எம்பிபோல் தானாக 19200 வேகத்தையும் ஈவன் பேரிட்டியையும் (பிழை பார்க்கச் சேர்க்கும் பிட்) எடுத்துக்கொள்ளும். மீட்டரின் மெனுவில் அநேகமாக 9600, பேரிட்டி இல்லை என்றிருக்கும். மெனுவைப் பார்த்து, ஸ்லேவ் எண்ணையும் (லைனில் அந்த மீட்டருக்கு வைத்த எண்) சேர்த்து நீங்களே கொடுத்தாக வேண்டும். போர்ட்டைத் திறக்க அனுமதி இல்லை என்று வந்தால் உங்கள் யூசரை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிட்டு ஒருமுறை வெளியே போய் லாகின் செய்யுங்கள்.

3. முகவரியும் வரிசையும்

ஆள் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

மாட்பஸ் 1979-இல் மோடிகான் என்ற கம்பெனி தன் பிஎல்சிகளுக்காக (ஆலை இயந்திரங்களை இயக்கும் கண்ட்ரோலர்கள்) கொண்டுவந்தது. ரிஜிஸ்டர் என்பது மீட்டருக்குள் ஒரு எண்ணை வைத்திருக்கும் அறை. ஹோல்டிங் ரிஜிஸ்டரை 40001 என்று எண்ணத் தொடங்கும் பழக்கம் அந்தக் காலத்தது. முன்னால் இருக்கும் 4 எந்த வகை ரிஜிஸ்டர் என்று மட்டும் சொல்கிறது, 3 என்றால் இன்புட் ரிஜிஸ்டர். வயரில் போகும் முகவரியோ பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆக, மீட்டர் புத்தகத்தில் 40101 என்று இருந்தால் வயரில் போவது 100. எம்பிபோல் ஒன்றிலிருந்து எண்ணுவதால் அங்கே 101 கொடுக்க வேண்டும், நோட்-ரெட்டின் மாட்பஸ் நோடில் 100. இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் அங்கே சரியாக வந்தது இங்கே ஏன் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

அடுத்த சிக்கல், ஒரு ரிஜிஸ்டரில் 16 பிட்தான் இருக்கும், வோல்ட்டேஜோ 32 பிட் ஃப்ளோட்டாக (புள்ளி வைத்த எண்) இரண்டு ரிஜிஸ்டரில் பிரிந்து வரும். சரியாக 230 வோல்ட் என்றால் ஒன்றில் 17254, இன்னொன்றில் 0 இருக்கும். எது முதலில் என்பதில்தான் மீட்டர்கள் ஒத்துப்போவதில்லை. வரிசை மாறினால் புள்ளிக்குப் பிறகு நாற்பது பூஜ்யம் போட்டு 24 என்பது போல ஒரு எண் வரும், சில இடங்களில் வெறும் பூஜ்யமாகவே காட்டும். அதைப் பார்த்து வயரில் கோளாறு என்று ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். எண் ஏதாவது வந்துவிட்டாலே வயர் சரி, வேகம் சரி, ஸ்லேவ் எண் சரி என்று அர்த்தம். வோல்ட்டேஜை முதலில் படிக்கச் சொன்னதும் இதற்குத்தான், அதன் விடை நமக்கு முன்கூட்டியே சுமாராகத் தெரியும்.

4. நோட்-ரெட்

மாட்பஸ் பேலட்டை (மாட்பஸுக்கான நோடுகளின் தொகுப்பு) நிறுவி, ரீட் நோடில் 5 வினாடிக்கு ஒருமுறை என்று வையுங்கள், அதற்கு மேல் வேகம் தேவையில்லை. ஃபங்ஷன் நோடில் 4 பைட் பஃபர் எடுத்து, பெரிய ரிஜிஸ்டரை (நம் உதாரணத்தில் 17254 உள்ளதை) முதல் இரண்டு பைட்டிலும் மற்றதை அடுத்த இரண்டிலும் எழுதி, ரீட்ஃப்ளோட்பிஇ (readFloatBE) கொண்டு படித்தால் 230 வரும். போர்ட் பெயரை யூஎஸ்பி0 என்று கொடுக்காமல் /dev/serial/by-id பாதையைக் கொடுங்கள், இல்லையென்றால் கன்வெர்ட்டரைக் கழற்றி மாட்டின மறுநிமிடம் அது யூஎஸ்பி1 ஆகிவிடும்.

5. மொஸ்கிட்டோ

அதே பையில் மொஸ்கிட்டோ என்ற எம்க்யூடிடி புரோக்கரை (சின்னச் செய்திகளை வாங்கி, கேட்பவர்களுக்குக் கொடுக்கும் இடைத்தரகர்) ஓட விட்டு, மதிப்பை ஒரு டாபிக்கில் (செய்திக்கு வைக்கும் தலைப்பு) அனுப்புங்கள். டாபிக் பெயரைத் தமிழிலும் வைக்கலாம், யூடிஎஃப்-8 என்பதால் தடையில்லை. போனில் எம்க்யூடிடி டாஷ்போர்டு ஆப் எதுவானாலும் போதும். வீட்டிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் மொஸ்கிட்டோவின் 1883 போர்ட்டையோ நோட்-ரெட்டின் 1880-ஐயோ திறந்துவிடாதீர்கள், டெயில்ஸ்கேல் போல ஒரு விபிஎன் போடுங்கள். நோட்-ரெட்டுக்கு நீங்களாக வைக்காதவரை பாஸ்வேர்டே கிடையாது.

பிற்சேர்க்கை: பைக்குள் வேலை செய்கிறது, போனிலிருந்து இணையவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மொஸ்கிட்டோ 2.0 முதல், கான்ஃபிக் எதுவும் எழுதாவிட்டால் அது தன் கம்ப்யூட்டரிலிருந்து வரும் இணைப்பை மட்டும்தான் ஏற்கும். கான்ஃபிக்கில் லிசனர் 1883 என்று ஒரு வரி, பாஸ்வேர்டு கோப்புக்கு ஒரு வரி சேருங்கள். அனானிமஸை (பாஸ்வேர்டு இல்லாமல் வருபவரை) அனுமதித்துத் தப்பிக்க வேண்டாம்.

இன்னொன்று: ஒருவருக்கு ரீடிங் விட்டு விட்டு வந்தது. விசாரித்தால் அதே ஏ-பி லைனில் ஏற்கெனவே ஒரு எச்எம்ஐ (இயந்திரத்தின் தொடுதிரை) மீட்டரைப் படித்துக்கொண்டிருந்தது. மாட்பஸ் ஆர்டியூவில் (485 வயரில் ஓடும் மாட்பஸ்) ஒரு லைனுக்குக் கேள்வி கேட்கும் மாஸ்டர் ஒன்றுதான், இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் பதில்கள் மோதும். எச்எம்ஐயிடமிருந்தே ஈதர்நெட் வழியாக, அதாவது மாட்பஸ் டிசிபி 502 போர்ட்டில், கேட்க முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் எச்எம்ஐ-யை அந்த லைனிலிருந்து எடுத்துவிடுங்கள், அல்லது இரண்டாவது போர்ட் உள்ள மீட்டர் வாங்குங்கள்.

ரீடெய்ன் (கடைசிச் செய்தியைப் புரோக்கரே வைத்திருக்கும் வசதி) போடலாமா என்ற கேள்விக்கு: போட்டால் ஆப்பைத் திறந்தவுடன் கடைசி மதிப்பு தெரியும், வசதிதான். ஆனால் மீட்டர் செத்து இரண்டு நாள் ஆனாலும் திரையில் 230 என்றே நிற்கும். போடுவதானால் ரீடிங்கோடு நேரத்தையும் சேர்த்து அனுப்புங்கள், நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பழையதானால் எண் சிவப்பாக மாறும்படி ஆப்பில் வைத்துவிடுங்கள்.