வலி போனதும் களத்தில் இறங்காதீர்கள்

பொங்கல் நெருங்கினால் கடலூர் பக்கத்து ஊர்களில் கபடிக்குக் களம் போட்டுவிடுவார்கள், கூடவே முட்டி போன கதைகளும் வர ஆரம்பிக்கும். ரைடு போனவன் யார் கையும் படாமலே, காலை ஊன்றிச் சட்டென்று திரும்பிய இடத்தில் 'டப்' என்று உள்ளே ஏதோ அறுந்த மாதிரி உட்கார்ந்துவிடுவான். சில மணி நேரத்தில் முட்டி வீங்கியும்விட்டால் முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிணைக்கும் ஏசிஎல் ஜவ்வு கிழிந்திருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

ஆனால் நடப்பது என்ன? சுளுக்கு என்று சொல்லி எண்ணெய் போட்டு வழித்து இழுப்பார்கள். அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாளில் மூட்டை அழுத்தித் தேய்த்தால் உள்ளே ரத்தக்கசிவும் வீக்கமும்தான் கூடும். கணுக்கால் பிசகியிருந்தால் கனடாவின் ஒட்டாவாவில் 1992-ல் வகுத்த எளிய விதி ஒன்று இருக்கிறது: நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா, கணுக்காலின் இருபக்கமும் புடைத்திருக்கும் எலும்பைத் தொட்டு அழுத்தினால் வலிக்கிறதா, உடனே எக்ஸ்ரே.

இதைவிடப் பெரிய தவறு, சீக்கிரம் களத்துக்குத் திரும்புவது. கிழிந்த ஏசிஎல் ஜவ்வுக்கு அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாறு மாதத்தில் நடக்க, ஓட வந்துவிடும், வலியும் இருக்காது, ஊர் டீமில் ஆள் குறைகிறது என்று நண்பர்கள் வந்து நிற்பார்கள். வலி இல்லை என்பதற்கும் முட்டி தயார் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. நார்வேயில் இப்படி அறுவை செய்துகொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியான ஆய்வில், ஒன்பது மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி முட்டியில் அடிபடுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அடிபட்ட காலின் தொடைத் தசை மற்றக் காலின் பலத்தில் 90 சதவீதமாவது வந்திருக்கிறதா என்பதையும் அதில் பார்த்தார்கள். பிசியோவிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான், "எப்ப இறங்கலாம்" என்பது அப்புறம்.

வார்ம்-அப் என்ற பெயரில் குனிந்து கால் விரலைத் தொட்டுவிட்டு இறங்குவதும் போதாது. ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,500-க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2000-ல் வந்த ஆய்வில், பயிற்சிக்கு முன் தசையை இழுத்துப் பிடித்ததால் காயம் குறையவே இல்லை. மாறாக மெல்ல ஓடுவது, ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து முட்டி உள்பக்கம் மடங்காமல் இறங்குவது என்று 20 நிமிடம் போகும், உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் '11+' என்ற வார்ம்-அப் பயிற்சி, 2008-ல் நார்வே சிறுமிகளின் கால்பந்து அணிகளில் பலத்த காயங்களைப் பாதிக்கு நெருக்கமாகக் குறைத்தது. காசு செலவில்லை, உப்பளம் மைதானத்தில் பந்தாடுகிறவர்கள் நாளைக்கே ஆரம்பிக்கலாம்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு வெயிலில் ஆடுவது வேண்டாம். வியர்த்து உடம்பு வற்றியிருக்கும்போது அது சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

சில்வர் பீச் மணலில் ஓடலாம், ஆனால் தார் ரோட்டில் ஓடும் தூரத்தை முதல் நாளே மணலில் ஓடினால் கெண்டைக்கால் தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஓடினால் முட்டி தேயும் என்று பயந்து உட்கார்ந்துவிடுவதும் தவறுதான். பல ஆய்வுகளைச் சேர்த்து 2017-ல் பார்த்தபோது, பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் சுமார் 3.5 சதவீதம் பேருக்குத்தான் இடுப்பு, முட்டித் தேய்மானம் இருந்தது. ஓடாமல் இருந்தவர்களில் அது 10 சதவீதம். போட்டிக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களுக்குத்தான் 13 சதவீதம், ஆக பாண்டி பீச் ரோட்டில் காலையில் ஓடுகிறவர்களுக்கு இந்தக் கவலை தேவையில்லை, ஏற்கெனவே முட்டியில் அடிபட்டவர்கள் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓடட்டும்.