எக்கோ சவுண்டர் திரையில் எங்கே பார்க்க வேண்டும்?

தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவிதான் எக்கோ சவுண்டர். பட்டினப்பாக்கத்திலிருந்து சித்தப்பாவின் பைபர் போட்டில் அதோடு போன முதல் நாள். 10 பாகம், அதாவது சுமார் 18 மீட்டர் ஆழம். திரையின் நடுவில் செக்கச்செவேலென்று ஒரு கொத்து. "மீனு முன்னால நிக்குது சித்தப்பா!" என்று கத்தினேன். இன்ஜினை நிறுத்தித் தூண்டிலை இறக்கினோம். அரை மணி நேரம் ஒன்றும் கடிக்கவில்லை. சித்தப்பா திரையின் வலது ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். "இதுதான்டா இப்போ. நீ பாத்தது நாம தாண்டி வந்த இடம்."

புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. சாதாரண சவுண்டர் படகுக்குக் கீழேதான் பார்க்கும், முன்னால் பார்க்காது. புது எதிரொலி வலது ஓரத்தில் விழும், பழையது இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும். படகு நின்றால்கூடத் திரை ஓடும். அடியில் ஒரு சின்ன மீன் அசையாமல் நின்றாலும் நீளக் கோடு வரும். கோட்டின் நீளம் மீனின் நீளம் இல்லை.

முன்னால் இருப்பதை அந்த நொடியிலேயே படமாகக் காட்டும் லைவ் சோனார் வேறு. உறைந்த ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்து அதை இறக்கி மீன் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, நம் கடலுக்கும் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அங்கே காலடியில் பனி அசையாது. சோனாரை மாட்டிய கம்பியைத் திருப்பிய திசையிலேயே ஒலிக்கற்றை நிற்கும். நம் படகோ அலையில் ஆடும். 5 டிகிரி சாய்ந்தாலே 30 மீட்டர் தள்ளி கற்றை இரண்டரை மீட்டர் விலகிவிடும். கடல் அடங்கிய காலையில் சரி, மற்ற நேரத்தில் அந்தப் படத்தை நம்பித் தூண்டில் வீசக் கூடாது.

அப்புறம், அடர்ந்த நிறம் என்றால் பெரிய மீன் என்று நினைப்பது. ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்புவது மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பைதான். வஞ்சிரத்துக்கு அந்தப் பை கிடையாது. அதனால் ஆள் உயர வஞ்சிரம்கூட மங்கலாகத் தெரியலாம். பை உள்ள பொடி மீன் கூட்டம் சிவப்பாக அப்பிக்கொள்ளும். அந்தச் சிவப்பின் ஓரத்தில் வரும் மங்கல் கீறல்களை நான் விடுவதே இல்லை. இரை இருக்கும் இடத்துக்குத்தானே வஞ்சிரம் வரும்! மீன் பொம்மை காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். சொறி மீனுக்கும் குமிழிக்கும்கூட அது பொம்மை போடும்.

கெயினை, அதாவது எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் அளவை, முழுக்க ஏற்றுவதும் வேண்டாம். திரை முழுக்கப் புள்ளி மழையாகிவிடும். தரை தெளிவாக வரும்வரை ஏற்றி, கொஞ்சம் இறக்கினால் போதும். பாறைத் தரை தடித்த கோடாக வரும், சில சமயம் அதற்குக் கீழே இரண்டாவது எதிரொலியும் தெரியும். சேறு மங்கலாக இருக்கும். பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, எங்கே இருக்கிறது என்பதை இதை வைத்தே பிடிக்கலாம்.

ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசரை இன்ஜின் விசிறிக்கு அருகில் மாட்டாதீர்கள். குமிழி ஒலியை அடைத்துவிடும். நம்மைப் போலக் கரையில் படகேற்றுகிறவர்கள் அதைப் பக்கவாட்டில் தூக்கக்கூடிய கம்பியில் கட்டுவதே நல்லது. அலை உடையும் இடத்துக்கு வருவதற்கு முன்பே கம்பியை உள்ளே எடுத்துவிட வேண்டும். நாங்கள் ஒருமுறை மறந்தோம்; மணலில் இடித்து மாட்டும் பிடி உடைந்து, டிரான்ஸ்டியூசர் வயரில் தொங்கிக்கொண்டு வந்தது.